செல்போனுக்கு வருடத்தில் 13 மாதம்!
டோல்கேட் குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

வருடத்துக்கு எத்தனை மாதம்?

"12 மாதம்" என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

ஆனால், செல்போனுக்கு மட்டும் வருடத்தில் 13 மாதம்!

இது என்ன வேடிக்கை என்கிறீர்களா? வேடிக்கை அல்ல. நம் பையில் இருந்து பணம் போகிற கணக்கு.

செல்போன் கம்பெனிகளின் "மாதம்" 28 நாளில் முடிந்துவிடுகிறது. 365 நாளை 28-ஆல் வகுத்துப் பாருங்கள். 13 வரும். அதாவது, வாடகை 12 தடவை கொடுக்கிறோம். சம்பளம் 12 தடவை வாங்குகிறோம். ரீசார்ஜ் மட்டும் 13 தடவை செய்கிறோம்.

ஒரு வீட்டில் 4 செல்போன் இருந்தால், வருடத்தில் 4 ரீசார்ஜ் கூடுதலாகப் போகிறது.

பெயரே டோல்கேட்!

வட சென்னையில் தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர் போகும் சாலையில் இருக்கிறது டோல்கேட். டோல்கேட் என்றால் சுங்கம் வசூலிக்கும் இடம் என்று பொருள். இப்போது அதே பெயரில் மெட்ரோ ரெயில் நிலையமும் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரையிலான மெட்ரோ பாதை 2021-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந்தேதி தொடங்கி வைக்கப்பட்டது.

ஒரு பக்கம் ராயபுரம், காசிமேடு. மறு பக்கம் திருவொற்றியூர், எண்ணூர். நடுவே டோல்கேட். துறைமுகத் தொழிலாளர்கள், மீனவர்கள், கன்டெய்னர் லாரி டிரைவர்கள், தொழிற்சாலைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் - இவர்கள்தான் இந்தப் பகுதி ஜனங்கள்.

இவர்களில் செல்போன் இல்லாதவர் யார்?

லாரி டிரைவருக்கு லோடு வருவது செல்போனில். ஒப்பந்தத் தொழிலாளிக்கு "நாளைக்கு வேலை உண்டா, இல்லையா?" என்று தெரிவது செல்போனில். கடலுக்குப் போனவர் கரை திரும்பிய செய்தி வருவதும் செல்போனில். பாங்கியில் பணம் வந்தால் அதில்தான் செய்தி வருகிறது. கியாஸ் பதிவு செய்ய அது வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செய்தியும் அதில்தான் வருகிறது.

ஆகவே, செல்போன் இன்று ஆடம்பரம் அல்ல. அரிசி, பருப்பு போல அதுவும் ஒரு வீட்டுச் சாமான் ஆகிவிட்டது.

அரிசி வாங்கும்போது நாலு கடையில் விலை கேட்கிறோம். ரீசார்ஜ் செய்யும்போது மட்டும் ஏன் கேட்பது இல்லை?

நிமிடத்துக்கு 16 ரூபாய்!

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் டெலிபோன் நிலையங்கள் 1882-ல் திறக்கப்பட்டன. அதன்பிறகு நூறு ஆண்டுக்கு மேலாக டெலிபோன் என்பது கம்பி வழியாகப் பேசுவதாகவே இருந்தது. ஏழை வீட்டுக்கு அது எட்டவே இல்லை.

1995-ம் ஆண்டு ஜூலை 31-ந்தேதி இந்தியாவில் முதல் செல்போன் பேச்சு நடந்தது. மேற்கு வங்காள முதல்-மந்திரியாக இருந்த ஜோதிபாசு, கல்கத்தாவில் இருந்து டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் பேசினார்.

சென்னையில் முதலில் இரண்டு கம்பெனிகள் செல்போன் சேவை நடத்தின. ஒன்று ஸ்கைசெல். மற்றொன்று ஆர்.பி.ஜி. அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை கட்டணம். நாம் பேசினாலும் காசு. பிறர் கூப்பிட்டு நாம் எடுத்தாலும் காசு!

2003-ல்தான் அந்த நிலை மாறியது. வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆயிற்று. "மிஸ்டு கால்" கொடுத்தே பேச்சை முடிக்கிற வழக்கமும் அந்தக் காலத்தில்தான் நம் ஊரில் பரவியது. பெட்டிக்கடையில் ரீசார்ஜ் கார்டு வாங்கி, நகத்தால் சுரண்டி, எண்ணைத் தட்டியது பலருக்கு நினைவு இருக்கும்.

2009-ல் டாடா டோகோமோ கம்பெனி "ஒரு வினாடிக்கு ஒரு பைசா" என்று வந்தது. மற்றவர்களும் விலையைக் குறைத்தார்கள்.

2016-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந்தேதி ஜியோ வந்தது. பேச்சு இலவசம், நெட்டுக்கு மட்டும் காசு என்றது. 2014-ல் சராசரியாக 250 ரூபாய்க்கு மேல் விற்ற ஒரு ஜி.பி. நெட், பிறகு பத்துப் பதினைந்து ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

போட்டி இருந்தால் விலை இறங்கும். போட்டி குறைந்தால்?

12 கடை போய் 4 கடை!

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட செல்போன் கம்பெனிகள் இருந்தன. அவற்றில் ஏர்செல் நம் தமிழ்நாட்டில் பிறந்த கம்பெனி. 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் திடீர் என்று அதன் சிக்னல் நின்றுபோனது. வேறு கம்பெனிக்கு மாறுவதற்காக ஜனங்கள் கியூவில் காத்துக் கிடந்தார்கள். அந்த மாதக் கடைசியில் ஏர்செல் திவால் மனு கொடுத்தது.

அதே 2018-ல் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாகச் சேர்ந்தன. 2020-ல் "வி" என்று பெயர் வைத்துக்கொண்டன.

இப்போது மீதி இருப்பவை ஜியோ, ஏர்டெல், வி, சர்க்கார் கம்பெனியான பி.எஸ்.என்.எல். - இந்த நாலுதான்.

2019 டிசம்பரில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. 2021 நவம்பர், டிசம்பரில் மறுபடி ஏற்றின. 2024 ஜூலையில் மூன்றாவது தடவை ஏற்றின. 5ஜி சேவைக்குப் பெரும் பணம் போட்டிருக்கிறோம் என்பது கம்பெனிகள் சொல்லும் காரணம்.

உதாரணமாக, ஜியோவில் தினம் ஒன்றரை ஜி.பி. நெட் தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயாக இருந்தது. 2024 ஜூலையில் அது 299 ரூபாய் ஆயிற்று. ஒரே அடியில் 60 ரூபாய்!

அந்த மாதம் பி.எஸ்.என்.எல். கட்டணத்தை ஏற்றவில்லை. என்ன நடந்தது தெரியுமா? ஒரே மாதத்தில் சுமார் 29 லட்சம் இணைப்புகள் பி.எஸ்.என்.எல்.லுக்குக் கூடின. மற்ற மூன்று கம்பெனிகளுக்கும் இணைப்புகள் குறைந்தன. ஜனங்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் கம்பெனிகளும் கவனிக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

சரி, கணக்குப் போடுவது எப்படி?

மிகவும் சுலபம். ரீசார்ஜ் தொகையை நாளால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் ஒரு நாள் செலவு. இந்த ஒரு கணக்குத் தெரிந்தால் போதும். எந்த விளம்பரமும் உங்களை ஏமாற்ற முடியாது.

கீழே உள்ள விலைகள் 2024 ஜூலைக்கும் 2025-க்கும் இடையே கம்பெனிகள் அறிவித்தவை. விலை அடிக்கடி மாறும். ஆகவே, கடையில் அன்றைய விலையைக் கேட்டு, இதேபோல நீங்களே வகுத்துப் பாருங்கள்.

ஜியோவில் 198 ரூபாய்த் திட்டம் ஒன்று. 189 ரூபாய்த் திட்டம் ஒன்று. இரண்டுக்கும் 9 ரூபாய்தான் வித்தியாசம் என்று தோன்றும்.

ஆனால், 198 ரூபாய்த் திட்டம் 14 நாளைக்குத்தான். ஒரு நாளைக்கு 14 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 189 ரூபாய்த் திட்டம் 28 நாள். ஒரு நாளைக்கு 6 ரூபாய் 75 காசு. முன்னதில் தினம் 2 ஜி.பி. நெட் உண்டு. பின்னதில் 28 நாளைக்கும் சேர்த்தே 2 ஜி.பி.தான். நெட் பார்க்காதவர் எதற்காக 14 ரூபாய் கொடுக்க வேண்டும்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள்.

299 ரூபாய் மலிவா, 319 ரூபாய் மலிவா?

"299-தான் மலிவு" என்பீர்கள். பொறுங்கள்! 299 ரூபாய்த் திட்டம் 28 நாள். 319 ரூபாய்த் திட்டம் ஒரு முழு மாதம். இந்த மாதம் 5-ந்தேதி போட்டால் அடுத்த மாதம் 5-ந்தேதிதான் மறுபடி போட வேண்டும். இரண்டிலும் தினம் ஒன்றரை ஜி.பி. நெட்.

299-ஐ வருடத்தில் 13 தடவை போட்டால் 3,887 ரூபாய்.

319-ஐ 12 தடவை போட்டால் 3,828 ரூபாய்.

விலை கூடியதுதான் மலிவு! மிச்சம் 59 ரூபாய். சம்பளத் தேதியை ஒட்டி ரீசார்ஜ் செய்துவிடலாம் என்பது இன்னொரு வசதி.

இந்த முழு மாதத் திட்டம் சும்மா வந்துவிடவில்லை. டெலிபோன் கம்பெனிகளைக் கண்காணிக்க "டிராய்" என்ற அமைப்பு 1997-ல் ஏற்பட்டது. 28 நாள் கணக்குப் பற்றி ஜனங்கள் புகார் செய்தார்கள். அதன்பேரில், ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் திட்டம் ஒன்றும், மாதம்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்று 2022-ம் ஆண்டு ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது.

ஆனால், கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்காதவருக்கு 28 நாள்தான்!

நெட் வேண்டாதவருக்கு நெட் எதற்கு?

வீட்டில் வயதான தாயார் இருப்பார். கையில் பட்டன் போன் இருக்கும். மகன் கூப்பிட்டால் எடுப்பார். மகளைக் கூப்பிடுவார். அவ்வளவுதான். அவருக்கு சினிமா பார்க்கத் தெரியாது. வாட்ஸ்அப் தெரியாது.

ஆனாலும் "எல்லோருக்கும் போட்டதையே பாட்டிக்கும் போடு" என்று பல வீடுகளில் நெட் சேர்ந்த ரீசார்ஜையே செய்துவிடுகிறார்கள். சாப்பிடாதவருக்கு இலை போட்ட கதைதான்!

நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் இப்படிச் சாதாரண பட்டன் போன் வைத்திருக்கிறார்கள் என்று டிராய் கணக்குச் சொன்னது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனித் திட்டம் கொடுக்க வேண்டும் என்று 2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி அது புதிய விதி கொண்டுவந்தது.

2025 ஜனவரியில் கம்பெனிகள் அந்தத் திட்டங்களை அறிவித்தன. அவை வருமாறு:

ஜியோ: 84 நாளைக்கு 448 ரூபாய். 336 நாளைக்கு 1,748 ரூபாய்.

ஏர்டெல்: 84 நாளைக்கு 469 ரூபாய். 365 நாளைக்கு 1,849 ரூபாய்.

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஒரு நாள் செலவு 5 ரூபாயில் இருந்து 5 ரூபாய் 60 காசுக்குள் அடங்கிவிடும். 299 ரூபாய்த் திட்டத்தில் ஒரு நாள் செலவு 10 ரூபாய் 68 காசு. பாதிக்குப் பாதி!

ஒன்றைக் கவனியுங்கள். ஜியோவின் 1,748 ரூபாய்த் திட்டம் முழு வருடம் அல்ல. 336 நாள்தான். "வருடத் திட்டம்" என்று யாராவது சொன்னால், எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகப் போன் வாங்குகிறவர்களுக்கு மற்றொரு வழியும் வந்தது. 2023-ல் ஜியோ பாரத் என்ற பட்டன் போன் 999 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அந்தப் போனுக்கு மட்டும் 28 நாளைக்கு 123 ரூபாய்த் திட்டம். ஆனால், அதில் ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும். பிறகு கம்பெனி மாற நினைத்தால் போனையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு குடும்பக் கணக்கு

டோல்கேட்டில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா லாரி ஓட்டுகிறார். அம்மா வீட்டில் இருக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். பாட்டியும் உண்டு. வீட்டில் 4 செல்போன்.

எல்லோருக்கும் 299 ரூபாய் ரீசார்ஜ். 28 நாளுக்கு ஒரு தடவை 1,196 ரூபாய். 13 தடவைக்கு 15,548 ரூபாய்.

அடேயப்பா! இது செல்போன் வாங்கிய காசு அல்ல. சும்மா பேசுவதற்கும் பார்ப்பதற்கும் ஆகும் காசு.

இப்போது அவரவர் தேவைக்குத் தக்கபடி மாற்றிப் பார்ப்போம்.

பாட்டிக்குப் பேச்சு மட்டும். ஏர்டெல் 365 நாள் திட்டம் 1,849 ரூபாய்.

அம்மாவுக்குப் பேச்சும் கொஞ்சம் வாட்ஸ்அப்பும். வருடம் முழுவதற்கும் 30 ஜி.பி. நெட் தரும் ஏர்டெல் திட்டம் 2,249 ரூபாய். மாதத்துக்கு இரண்டரை ஜி.பி. வரும். வாட்ஸ்அப் எழுத்துச் செய்திக்கும் போட்டோவுக்கும் இது தாராளம். சினிமா பார்க்கப் போதாது.

அப்பாவுக்கும் மகனுக்கும் தினமும் நெட் வேண்டும். ஜியோவில் தினம் ஒன்றரை ஜி.பி. தரும் 84 நாள் திட்டம் 799 ரூபாய். 84 நாள் என்பது மூன்று 28 நாள். 299-ஐ மூன்று தடவை போட்டால் 897 ரூபாய். ஆகவே, மிச்சம் 98 ரூபாய். வருடத்துக்கு ஒரு போனுக்கு ஆகிற செலவு சுமார் 3,462 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 6,924 ரூபாய்.

மொத்தம் கூட்டுங்கள். 1,849 + 2,249 + 6,924 = 11,022 ரூபாய்.

முன்பு 15,548. இப்போது 11,022. மிச்சம் 4,526 ரூபாய்!

யாருடைய பேச்சும் குறையவில்லை. யாருடைய போனும் அணையவில்லை. கணக்கு மட்டும்தான் மாறியது.

முதல் பணத்துக்கு எங்கே போவது?

"சுவாமி, சொல்வது சுலபம். தினக்கூலி வாங்குகிறவன் ஒரே நாளில் 1,849 ரூபாய்க்கு எங்கே போவான்?" என்று கேட்பீர்கள்.

நியாயமான கேள்வி. இதுதான் விஷயத்தின் முடிச்சு.

மொத்தமாகக் கொடுக்க முடிகிறவருக்கு ஒரு நாளைக்கு 5 ரூபாய். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறவருக்கு 10 ரூபாய். கையில் பணம் இல்லாதவர்தான் அதிகம் கொடுக்கிறார்! எண்ணெயை 50 மில்லி பாக்கெட்டாக வாங்குகிறவர் லிட்டராக வாங்குகிறவரைவிட அதிகம் கொடுக்கவில்லையா? அதே கதைதான் இங்கேயும்.

இதற்கு வழி என்ன? எல்லாப் போனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

முதலில் பாட்டியின் போன். வழக்கமாக 299 கொடுக்கிற நாளில் 448 கொடுத்து 84 நாள் பேச்சுத் திட்டம் போடுங்கள். அன்று ஒரு நாள் கூடுதலாக 149 ரூபாய் வேண்டும். அவ்வளவுதான். அடுத்த 28-ம் நாளும், 56-ம் நாளும் பாட்டிக்கு ரீசார்ஜ் கிடையாது. 84 நாளில் 897 ரூபாய் போகிற இடத்தில் 448 ரூபாய்தான் போயிருக்கும். மிச்சம் 449 ரூபாய்.

அந்த மிச்சத்தைத் தொடாமல் டப்பாவில் போட்டு வையுங்கள். அப்பாவின் போனை 299-ல் இருந்து 799 திட்டத்துக்கு மாற்றக் கூடுதலாக 500 ரூபாய்தானே வேண்டும்? பாட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த 449 ரூபாய் ஏறக்குறைய அதற்குச் சரியாகிவிடும்.

நம் வட சென்னையில் சீட்டுப் பிடிக்காத தெரு உண்டா? தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு எல்லாம் நடக்கிறது. தினம் 5 ரூபாய் போட்டால் வருடத்தில் 1,825 ரூபாய். போனஸ் வரும்போதோ சீட்டு விழும்போதோ வருடத் திட்டத்தைப் போட்டுவிடலாம்.

காசிமேட்டு மீனவர்களுக்கு ஒரு யோசனை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ந்தேதி முதல் ஜூன் 14-ந்தேதி வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாளில் வருமானம் இல்லை. ஆகவே, ஏப்ரல் முதல் வாரத்தில், கையில் காசு இருக்கும்போதே 84 நாள் திட்டத்தைப் போட்டுவிட்டால், தடைக்காலம் முடிந்து படகு இறங்கும் வரை ரீசார்ஜ் கவலை இல்லை.

கண்ணில் படாத ஓட்டைகள்

சில விஷயங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

தினம் ஒன்றரை ஜி.பி. என்றால், அன்றைக்குப் பயன்படுத்தாத நெட் நள்ளிரவோடு போய்விடும். மறுநாளுக்குச் சேராது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் சினிமா பார்க்கிறவருக்குத் தினசரித் திட்டம் வீண். மொத்தமாக நெட் தரும் திட்டமே நல்லது.

கடையில் "டி.வி. ஆப் இலவசம்" என்பார்கள். இலவசம் எதுவும் இல்லை. அதன் விலை திட்டத்திலேயே சேர்ந்திருக்கும். பார்க்கப்போவது இல்லை என்றால் அது இல்லாத திட்டத்தைக் கேளுங்கள்.

செல்போன் ஆப் வழியாக ரீசார்ஜ் செய்யும்போது, சில ஆப்புகள் ஒன்றிரண்டு ரூபாய் கட்டணம் சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. பணம் செலுத்தும் முன் மொத்தத் தொகையைப் படித்துப் பாருங்கள்.

விலை ஏறாமலே செலவு ஏறுவதும் உண்டு. தினம் 1 ஜி.பி. தந்த 249 ரூபாய்த் திட்டத்தை 2025 ஆகஸ்டில் ஏர்டெல் நிறுத்திவிட்டது. மலிவான திட்டம் போய்விட்டால், தானாக அடுத்த விலைக்கு ஏறத்தானே வேண்டும்? ஆகவே, ஒவ்வொரு தடவையும் கேட்டுப் போடுங்கள்.

"இலவச ரீசார்ஜ் கிடைக்கும், இதைத் தொடுங்கள்" என்று செய்தி வந்தால் தொடவே தொடாதீர்கள். பாங்கிப் பணத்தைப் பறிக்கும் தந்திரம் அது. யார் கேட்டாலும் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லக் கூடாது.

நம்பர் போனால் என்ன ஆகும்?

காசை மிச்சப்படுத்த வேண்டும் என்று சிலர் ரீசார்ஜ் செய்யாமலே சிம்மைப் போட்டு வைக்கிறார்கள். இது ஆபத்து.

90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத இணைப்பைக் கம்பெனி துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்று 2013-ல் டிராய் விதி செய்தது. அதுவும் இல்லாவிட்டால் நம்பர் போய்விடும். பிறகு அதே நம்பர் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும்.

அந்த நம்பர்தானே பாங்கியில் இருக்கிறது? ஆதாரில் இருக்கிறது? ரேஷன் கார்டில் இருக்கிறது? உங்கள் பாங்கிச் செய்தி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகலாம். ஆகவே, ஒரு நம்பர் வேண்டாம் என்று முடிவு செய்தால், முதலில் பாங்கியிலும் ஆதாரிலும் புதிய நம்பரைக் கொடுத்துவிட்டுப் பிறகு விடுங்கள்.

கம்பெனி மாறுவது எப்படி?

நம்பரை மாற்றாமலே கம்பெனியை மாற்றலாம். நாடு முழுவதும் 2011-ம் ஆண்டு ஜனவரி 20-ந்தேதி இந்த வசதி வந்தது.

வழி இதுதான். எஸ்.எம்.எஸ். எழுதும் இடத்தில் "போர்ட்" என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடம் விட்டு, உங்கள் செல்போன் நம்பரை எழுதி 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். ஒரு ரகசியக் குறி எண் வரும். அது 4 நாள் செல்லும். அதையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதிய கம்பெனியின் கடைக்குப் போக வேண்டும். வேலை நாளில் 3 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது விதி.

இப்போது உள்ள கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். தொலைந்த சிம்முக்கு மாற்றுச் சிம் வாங்கியிருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும். பழைய கணக்கில் உள்ள காசும் நாளும் கூட வராது. ஆகவே, திட்டம் முடியப் போகும் சமயத்தில் மாறுவதுதான் லாபம்.

மாறும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அந்தக் கம்பெனி சிம் இருக்கும். வீட்டு உள்ளறையிலும் வேலை செய்யும் இடத்திலும் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். மலிவு என்று போய்ச் சிக்னல் இல்லாமல் தவித்தால், ஒரு நாள் வேலையே போய்விடும். பி.எஸ்.என்.எல். தன் 4ஜி சேவையை நாடு முழுவதற்கும் 2025 செப்டம்பர் 27-ந்தேதி தொடங்கியது. உங்கள் தெருவில் எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

புகார் சொல்ல 198 என்ற எண்ணைக் கூப்பிடலாம். எல்லாக் கம்பெனிக் கட்டணங்களையும் ஒரே இடத்தில் பார்க்க டிராய் இணையதளத்தில் வசதி உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளைகளிடம் சொன்னால் எடுத்துக் காட்டுவார்கள்.

கடைக்குப் போகும் முன்

மூன்று கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள்?

நாள் ஒன்றுக்கு எவ்வளவு?

இதில் எனக்குத் தேவை இல்லாதது எது?

ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் வீட்டில் உள்ள போன்களை எழுதுங்கள். எதிரே ரீசார்ஜ் தொகை, நாள், முடியும் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். சுவரில் மாட்டுங்கள். எந்தப் போனில் காசு வீணாகிறது என்று உங்கள் கண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

4,526 ரூபாய் என்பது ஒரு பிள்ளையின் சீருடை, செருப்பு, புத்தகப்பை. அல்லது, தடைக்காலத்தில் சில வாரத்துக்கு வீட்டு மளிகை.

பேச்சைக் குறைக்க வேண்டாம். பேசுவது சொந்தபந்தத்துக்கு வேண்டியது. வீணாகப் போகிற காசைக் குறைத்தால் போதும்.

கணக்குப் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல. உழைத்த காசுக்குக் கொடுக்கிற மரியாதை!